வாசகர் கேள்வி – பதில்: முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள்

(கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1987 முதல் பினாயில், பிளீச்சிங் பவுடர், மாப், துடைப்பம் என்று துப்புரவுப் பொருட்களை மொத்தமாக விநியோகித்து வரும் வியாபாரி இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஐயா, இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?
– கல்லூரி மாணவர், பர்கூர்

ஒரு பழைய டிவிஎஸ் 50, இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தொங்கவிட்ட நான்கு கேன். அவ்வளவுதான் தம்பி கம்பெனி. பெங்களூரில் பினாயில் கான்சன்ட்ரேட் (தண்ணீர் சேர்க்காத அடர் சரக்கு) வாங்கி பஸ் மேலே போட்டுக்கொண்டு வருவேன். வீட்டு வாசலில் டிரம்மில் கலக்கி ரவுண்டானா பக்கத்து லாட்ஜுகளுக்குக் கொடுப்பேன். சென்னை, பெங்களூர், சேலம் சாலைகள் கூடும் ஊர் என்பதால் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ரூமில் பினாயில் நெடி அடித்தால்தான் சுத்தம் என்று நம்பிய காலம் அது. முதல் மாதம் ஒரு மேனேஜர் பணத்துக்குப் பதிலாக இரண்டு காலி டிரம்களைத் தூக்கிக் கொடுத்தார். இன்னும் குடோனில் இருக்கின்றன, துடைப்பம் போட்டு வைக்கிறோம்.

அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம். அரசு அலுவலக ஆர்டர் என்றால் அங்கே ஓட வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் அந்தப் பஸ் செலவு மிச்சம்.

கறுப்புப் பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்காமல் எண்ணெயாக மிதக்கிறது. கலப்படமா?
– இல்லத்தரசி, பென்னாகரம்

பெரும்பாலும் பினாயில் மேல் தப்பிருக்காது அம்மா, உங்கள் போர் தண்ணீர்தான். கறுப்புப் பினாயில் என்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் எண்ணெயை ஒருவகை சோப்போடு சேர்த்தது. சோப்பு அந்த எண்ணெயைப் பொடித் துளிகளாகப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் வெளுக்கிறது. நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது சோப்பைத் திரித்துவிடும், எண்ணெய் தனியே மேலே வந்துவிடும். குளிக்கும்போது நுரை வராமல் திட்டிக்கொள்கிறோமே, அதே கதை.

இதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மொசைக் தரை முழுக்க எண்ணெய்ப் புள்ளி. பெண்ணின் தாய்மாமன் வழுக்கி விழுந்தார். எனக்குப் பணமும் வரவில்லை, அடுத்த பத்து வருடம் அந்த ஊரில் வியாபாரமும் இல்லை.

அதற்கப்புறம்தான் புது வாடிக்கை பிடிக்கப் போனால் முதலில் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்கும் பழக்கம் வந்தது. தாகம் என்று நினைத்து ஃபிரிட்ஜ் தண்ணீரை நீட்டுவார்கள். "அது வேண்டாங்க, தரை துடைக்கிற தண்ணி கொடுங்க" என்பேன். அங்கேயே நான்கு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எந்தச் சரக்கு என்று முடிவு செய்வேன்.

உங்களுக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வந்தால் அதில் கலந்து பாருங்கள். நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காக வந்த காவிரிக் குடிநீர்த் திட்டம், என் பினாயிலையும் காப்பாற்றியிருக்கிறது. இன்னொன்று, நன்றாக வெளுத்தால் வீரியம் அதிகம் என்று அர்த்தமில்லை. கேனில் ஆர்.டபிள்யூ.சி. (ரிடியல்-வாக்கர் கெழு) என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். கிருமியைக் கொல்லும் திறனுக்கு அதுதான் கணக்கு.

மாங்கூழ் ஆலைகளுக்கும் நீங்கள்தான் சப்ளையா?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

சிலவற்றுக்கு. தோத்தாபுரி மாம்பழ சீசனில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. குழாய்களைக் கழுவ காஸ்டிக் சோடா, பழம் கழுவும் தண்ணீருக்குக் குளோரின். ஒருமுறை குளோரின் கேன்களோடு நான்கு பினாயில் கேனும் ஒரே வண்டியில் போய்விட்டது. கேட்டிலேயே வண்டியைத் திருப்பி விட்டார்கள். எனக்கு ஒரே கோபம். அங்கே தரம் பார்க்கும் பெண் ஒருவர்தான் பொறுமையாகச் சொன்னார்: பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகள் குளோரினோடு சேர்ந்தால் ஒரு மருந்து வாடை உண்டாகும், மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும், மொத்தக் கூழும் வீண். அன்றிலிருந்து ஆலைகளுக்குத் தனி வண்டி.

ஓசூர் கம்பெனிகளுக்கு சப்ளை செய்தால் நல்ல லாபம்தானே?
– சிறு வியாபாரி, ஊத்தங்கரை

ஆர்டர் பெரியது, சந்தேகமில்லை. கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை என்று நிறம் பிரித்துக் கேட்பார்கள். ஒவ்வொரு கேனுக்கும் பாதுகாப்பு விவரத்தாள் கேட்பார்கள். எல்லாம் கொடுக்கலாம், பணம்தான் மூன்று மாதம் கழித்து வரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வாங்கி விற்கும் நமக்கு அது பொருந்தாது. 2021ல் வியாபாரிகளையும் உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவில் சேர்த்தது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். கையில் மூன்று மாதம் தாங்கும் முதலீடு இருந்தால் இறங்குங்கள்.

கொரோனாவில் நன்றாகச் சம்பாதித்திருப்பீர்களே?
– பெயர் வேண்டாம், தர்மபுரி

முதல் இரண்டு மாதம், ஆமாம். 2020 மார்ச்சில் 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு விலை வைத்தது. அப்புறம் ஆளாளுக்குத் தயாரித்து விலை விழுந்துவிட்டது. நான் ஆசைப்பட்டு இறக்கியதில் மிஞ்சியதைக் கண்ணாடி துடைக்கக் கொடுத்தேன்.

உங்களுக்குப் பின் யார்?
– ஆசிரியை, பாலக்கோடு

மகள் வந்துவிட்டாள். தண்ணீர் பாட்டில் கேட்கக் கூச்சப்பட்டு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறாள். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், சோப்பைத் திரிக்கிற உப்பு எவ்வளவு என்று காட்டாது. சொன்னால் கேட்பதில்லை.

கழிப்பறைக் கறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால் பளிச்சென்று ஆகும் என்கிறார் என் மாமனார். சரியா?
– வாசகி, மத்தூர்

கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கழிப்பறையில் ஆளையே சாய்த்துவிடும். 2013ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து நான் சில்லறையில் ஆசிட் விற்பதில்லை. மாமனார் ஏற்கெனவே கலந்துவிட்டார் என்றால் அவரை வெளியே கூப்பிட்டுவிட்டு ஜன்னலைத் திறங்கள்.