2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே ஒருவர் கேட்டது: ஊரடங்கு மே 3 வரை நீண்டுவிட்டது. வீட்டிலிருந்தே வாசிக்க நல்ல தமிழ் நாவல்கள் சொல்லுங்கள். அதற்குள் பொன்னியின் செல்வனை முடித்துவிட முடியுமா? அன்று நான் எழுதிய பதில் இது.

முடியாது. முடியும் என்று சொல்பவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம், 293 அத்தியாயம், அச்சில் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். ஏப்ரல் 15 முதல் மே 3 வரை 19 நாள். அப்படியானால் தினம் 15 அத்தியாயம் ஓட வேண்டும். வாசிப்புப் பழக்கம் விட்டுப்போன ஒருவர் மணிக்கு 20, 25 பக்கம்தான் போவார். ஆக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். வீட்டிலிருந்தபடி அலுவலக வேலை, மூன்று வேளைச் சமையல், பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் என்று இருக்கிற வீட்டில் இரண்டு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். நாலாம் நாள் பின்தங்குவீர்கள். எட்டாம் நாள் புத்தகம் மேசையில் கவிழ்ந்து கிடக்கும். தப்பு உங்களுடையது அல்ல. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த கதை அது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சு, போன வாரம் நடந்ததை மறந்தவருக்காக ஒரு நினைவூட்டல் என்று அதன் கட்டுமானமே இடைவெளி விட்டு வாசிப்பதற்கானது. மொத்தமாக விழுங்கினால் அந்த முடிச்சுகளே அலுப்பூட்டும். கல்கியைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவரை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பொன்னியின் செல்வன்தான் வேண்டும் என்றால் முதல் பாகமான 'புது வெள்ளம்' மட்டும் எடுங்கள். அதில் 57 அத்தியாயம். தினம் மூன்று வாசித்தால் சரியாக 19 நாள். தொடங்கும் முன் ஒரு தாளில் இதை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கண்டராதித்தர், அவர் தம்பி அரிஞ்சயர், அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். சுந்தர சோழரின் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழிவர்மன். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் மதுராந்தகன். அடுத்த பட்டம் அண்ணன் வழிக்கா, தம்பி வழிக்கா என்ற சண்டை இந்த நாலு வரிக்குள்தான் இருக்கிறது. பாதியில் விட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் 'யார் யாருக்கு என்ன உறவு என்று புரியவில்லை' என்பார்கள். பழுவேட்டரையர் இரண்டு பேர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் தனாதிகாரி, சின்னவர் தஞ்சைக் கோட்டைத் தளபதி.

நீங்கள் கேட்ட மற்ற நாவல்களுக்கு வருகிறேன். தினம் இரண்டு மணி நேரம், மணிக்கு 22 பக்கம் என்று வைத்தால் 19 நாளில் ஏறத்தாழ 830 பக்கம். இதை ஒரே தடிமனான நாவலில் கொட்டாமல், நாலைந்து சிறிய நாவல்களாகப் பிரியுங்கள். முதல் நாவலை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். முடித்த கைதான் அடுத்த புத்தகத்தைத் தானாக எடுக்கும்.

அதற்கு சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. நூறு பக்கத்துக்குள் அடங்கும். நடப்பதெல்லாம் ஒரு ஜல்லிக்கட்டு அன்று, வாடிவாசலைச் சுற்றி. தந்தையைக் குத்திச் சாய்த்த காரி என்ற காளைக்காகப் பிச்சி காத்து நிற்கிறான், அவ்வளவுதான் கதை. உரையாடல் முழுக்க மாடுபிடிக்காரர்கள் பேசும் பேச்சு. கண்ணால் மட்டும் வாசித்தால் முதல் பத்துப் பக்கம் தடுக்கும். அந்தப் பத்துப் பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள், காது பழகிவிடும். வட்டார வழக்கில் எழுதிய எந்த நாவலுக்கும் இதுதான் சாவி. அகராதியைப் புரட்டிக்கொண்டே போனால் கதை செத்துவிடும்.

அடுத்து அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெருவும் தண்ணீர்ப் பஞ்சமும் ஜமுனாவும். நாலைந்து நாள் போதும். இதில் வேறு மாதிரித் தவறு நடக்கும். வாக்கியங்கள் அவ்வளவு எளிமையாக இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு ஓடும். முடித்துவிட்டு 'என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே' என்பார்கள். நடப்பது எல்லாம் குடத்தைத் தூக்கி நிற்கும் இடங்களிலும், பேச்சு பாதியில் அறுந்துபோகும் இடங்களிலும்தான். மணிக்கு 15 பக்கத்துக்கு மேல் போகாதீர்கள்.

மூன்றாவது பூமணியின் 'வெக்கை'. இதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்துவிட்டேன், கதை தெரியும் என்று தள்ளிவிடாதீர்கள். படத்தில் வரும் நீண்ட முன்கதை அப்படியே நாவலில் கிடையாது. கொலை செய்த பதினைந்து வயதுப் பையன் சிதம்பரமும் அவன் அப்பாவும் காட்டில் ஒளிந்து திரியும் எட்டு நாள்தான் நாவல். எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள், தண்ணீர் எங்கே கிடைத்தது என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு நாள் கதை என்று வைத்து எட்டு நாள் வாசிப்பவர்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்று நாளில் வாசித்தால்தான் அந்த ஓட்டத்தின் மூச்சிரைப்பு கிடைக்கும்.

நான்காவது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் இதைத் தனியாக வாசிக்காதீர்கள், சாப்பாட்டுக்குப் பின் உரக்க வாசியுங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் கரிசல் காட்டைத் திருத்தி ஊர் உண்டாக்கிய கதை. ஒரு கிழவி சொல்லக் கேட்பது போலவே பெரும்பகுதி போகிறது. குரலுக்காகவே எழுதியது போல இருக்கும். தொடக்கத்தில் கோட்டையார் வீட்டு ஆட்களின் பெயரும் பட்டப்பெயரும் வரிசையாக வந்து விழும். அத்தனையையும் நினைவில் வைக்க முயற்சி செய்ய வேண்டாம், வேண்டியவர்கள் திரும்ப வருவார்கள். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை முதலில் எடுத்துவிடாதீர்கள், வரிசை முக்கியம்.

மிச்ச நாளுக்கு மறுபடி அசோகமித்திரன், '18வது அட்சக்கோடு'. 1948-இல் இந்திய ராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைந்த காலத்தில் செகந்திராபாத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பையனின் கதை. கதை சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்', 'சந்திரசேகரன்' என்றும் மாறும். இரண்டும் ஒரே ஆள்தான். இது தெரியாமல் அச்சுப் பிழை என்று நினைத்தவர்களும் உண்டு.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பலர் முதலில் வைப்பார்கள். மிகப் பெரிய நாவல்தான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாசிப்பு விட்டுப்போனவர் கையில் முதலில் கொடுக்கக் கூடாது. இரண்டாம் உலகப்போர்க் கால மெடானும் பினாங்கும் மலாய்ச் சொற்களோடு தொடக்கத்திலேயே கொட்டும். நினைவோட்டம் மதுரைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பும். பக்கத்தில் சுமத்ரா, மலாயா வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் ஐம்பது பக்கத்தை இரண்டு முறை வாசிக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் சொல்வேன். சுஜாதா, பாலகுமாரன் வாசகர்கள் கோபிக்க வேண்டாம். அவர்களை வாசிக்க யாருடைய வழிகாட்டலும் தேவைப்படாது என்பதால்தான் இங்கே இல்லை.

கடைகள் பூட்டிக் கிடக்கும்போது புத்தகத்துக்கு எங்கே போவது? அரசுடைமையாக்கப்பட்ட, அதாவது உரிமையை அரசு வாங்கிப் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் படைப்புகளைக் காசில்லாமல், முறையாகவே எடுக்கலாம். கல்கி அதில் உண்டு. ராஜம் கிருஷ்ணனும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்', நீலகிரிப் படகர்களைப் பற்றிய 'குறிஞ்சித்தேன்' இரண்டும் மேலே சொன்ன எதற்கும் மாற்றாக வைக்கத் தக்கவை. தமிழ் நூல்களை இலவச மின்னூலாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், விக்கிமூலத்திலும் தேடுங்கள். மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகளில் சில திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கும், கைபேசியில் கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறி (யூனிகோட்) என்று போட்டிருப்பதை எடுங்கள். பிடிஎஃப் வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும், ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம் தள்ள வேண்டும், அரை மணியில் கண் எரியும். திரைக்கேற்ப வரி மடங்கும் இபப் (EPUB) கோப்பாகவோ இணையப் பக்கமாகவோ எடுத்து, ஒரு வரிக்கு ஐந்தாறு சொல் வரும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, பின்னணியை வெளிர் மஞ்சளாக்கிக்கொள்ளுங்கள். இணைய இணைப்பை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஒருமுறை ஒலித்தால் மறுபடி கதைக்குள் நுழையப் பத்து நிமிடம் ஆகும்.

அந்த வாட்ஸ்அப்பில்தான் இப்போது '500 தமிழ் நாவல்கள் இலவசம்' என்று ஒரு கட்டு சுற்றுகிறது. அதைத் திறக்காதீர்கள். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் போன வருடப் புத்தகமும் அதில் கிடக்கிறது. புத்தகக் கடையும் இல்லை, கண்காட்சியும் இல்லை என்று பதிப்பகங்கள் கூலி கொடுக்க வழியில்லாமல் நிற்கும் மாதத்தில் இதைச் செய்கிறார்கள். மேலே சொன்னவற்றில் அரசுடைமை ஆகாதவற்றுக்கு விலை கொடுத்து மின்னூல் வாங்குங்கள்; இல்லையென்றால் அதே மாடியில், அதே தெருவில் யாரிடமாவது புத்தகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. கிளை நூலகம் பூட்டியிருக்கும் இந்த நாட்களில், உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் ஒருவர் வீட்டிலிருந்தே ஒரு நாவலை இரவல் பெற முடிந்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இருந்திருந்தால் பாதிப் பேர் திருட்டுப் பிடிஎஃப் பக்கமே போயிருக்க மாட்டார்கள்.

மே 3-க்குப் பிறகும் ஊரடங்கு நீண்டால், அதற்குள் உங்கள் வேகம் மணிக்கு 30 பக்கத்தைத் தொட்டிருக்கும். அப்போது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எடுங்கள். அறுநூறு பக்கத்துக்கு மேல், பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். பாபுவும் யமுனாவும் மட்டும்தான் கதை என்று நினைத்து பாபுவின் குரு ரங்கண்ணாவின் சங்கீதப் பகுதிகளைத் தாண்டிப் போகிறவர்கள் பாதி நாவலை இழக்கிறார்கள். ராகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெயர் சொல்லி வரும் ராகத்தை யூடியூபில் தேடி, யாராவது பாடியதைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்புங்கள்.