விழா நாள்களில் ஒன்றாக இருப்பது: கேட்டவையும் என் பதில்களும்

குடும்ப நல ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறேன். விடுமுறைக் காலம் நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்விகளின் தன்மையே மாறிவிடும். இந்த ஆண்டு வந்தவற்றுள் பலருக்கும் பொருந்தக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை.

கேள்வி (இரு பிள்ளைகளின் தாய்): ஒவ்வொரு பண்டிகையும் வேலைப் பட்டியலாகவே கழிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறோம். ஆனாலும் மனத்தில் எதுவும் தங்குவதில்லை. எங்கே தவறுகிறோம், அம்மா?

பதில்: "கடனே என்று செய்வது" என்று நாம் சொல்வதுண்டு. நீங்கள் விவரிப்பது அந்த நிலையைத்தான். பார்பரா ஃபீஸி என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தோரும், குடும்ப வழக்கங்களைப் பற்றி அதற்கு முந்தைய 50 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் வழக்கத்தையும் சடங்கையும் பிரித்துக் காட்டிய விதம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. "இதைச் செய்தாக வேண்டும்" என்பது வழக்கம். செய்து முடித்தவுடன் அது மனத்தைவிட்டுப் போய்விடும். "நாங்கள் இப்படிப்பட்டவர்கள்" என்று சொல்லாமல் சொல்வது சடங்கு. முடிந்த பிறகும் அது பேச்சிலும் நினைவிலும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். வழக்கம் தடைப்பட்டால் சிறு சிரமம் ஏற்படும், அவ்வளவுதான். சடங்கு தடைப்பட்டால் வீட்டில் ஏதோ குறைந்துவிட்டதாக எல்லாரும் உணர்வார்கள்.

உங்கள் பட்டியலில் எது வழக்கம், எது சடங்கு என்பதை நீங்கள் ஒருவராகவே தீர்மானிக்க முடியாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே, ஆற அமர, "இந்த ஆண்டு எதை விட்டுவிட்டால் உனக்கு வருத்தமாக இருக்கும்?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரையில், பிள்ளைகள் சொல்லும் விடை பெரும்பாலும் பட்டியலிலேயே இருப்பதில்லை. பரணிலிருந்து அலங்காரப் பெட்டியை அப்பா இறக்கும்போது தான் ஏணியைப் பிடித்துக்கொள்வதை ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது அவளுக்கு நினைவில்லை. இப்படிக் கிடைக்கும் இரண்டு மூன்று விடைகளுக்கு நேரம் ஒதுக்கிவிட்டு, யாருமே குறிப்பிடாத வேலைகளைத் தயங்காமல் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு குடும்பத்துக்கு எத்தனை மரபுகள் இருந்தால் போதும்?

பதில்: ஒன்று போதும், அது ஆண்டு தவறாமல் நடக்குமானால். பத்தைத் தொடங்கி எட்டைக் கைவிடும் குடும்பங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ஒரு மருமகள்): மாமியார் மறைந்த பிறகு, யாரை அழைப்பது, யார் எங்கே தங்குவது, யாருக்கு என்ன வாங்குவது என்பதெல்லாம் என் தலையில் விழுந்துவிட்டது. விழா முடியும்போது எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்; எனக்கு மட்டும் அழுகை வருகிறது. இதை வெளியே சொன்னால் சுயநலம் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சுயநலம் இல்லை, சகோதரி. நீங்கள் செய்வது ஒரு பணி. அதைப் பணி என்று வீட்டில் யாரும் சொல்லாததுதான் உங்களை இவ்வளவு வாட்டுகிறது. கனடாவில் கரோலின் ரோசென்தால் என்ற சமூகவியலாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வு, உறவினர்களை ஒருவரோடொருவர் தொடர்பில் வைத்திருக்கும் பொறுப்பைப் பல குடும்பங்களில் யாரோ ஒருவர் ஏற்றிருப்பதையும், அவர் பெரும்பாலும் பெண்ணாக இருப்பதையும், அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு அடுத்தவர் கைக்கு வருவதையும் எடுத்துக்காட்டியது. உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுதான். யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் பொறுப்பு மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

வேலையைப் பகிர்ந்துகொண்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது பாதித் தீர்வுதான். "நீ சொல், நான் செய்கிறேன்" என்று கணவர் சொல்லும்போது, செய்யும் பளு குறைகிறதே தவிர, நினைவில் வைத்திருந்து உரிய நேரத்தில் சொல்லும் பளு உங்களிடமே இருக்கிறது. எனவே ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அதை நினைப்பது முதல் முடிப்பது வரை முழுவதுமாகக் கொடுங்கள். உறவினரை அழைப்பது உங்கள் கணவரின் பொறுப்பு என்றால், யாரையாவது அவர் மறந்துவிட்டாலும் நீங்கள் குறுக்கிடக் கூடாது; அந்த மனத்தாங்கலை அவரே எதிர்கொள்ளட்டும். முதல் ஆண்டு சில குறைகள் நேரும், நேரட்டும். இன்னொன்று: இந்தப் பேச்சை விழா முடிந்த இரவில், கண்ணீரோடு தொடங்காதீர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே, சாதாரணமான ஒரு மாலையில் பேசுங்கள். அப்போதுதான் அது குற்றச்சாட்டாக ஒலிக்காமல் திட்டமாக ஒலிக்கும்.

கேள்வி (ஓர் இளைஞர்): அப்பா இறந்த பின் வரும் முதல் பண்டிகை இது. அண்ணன் எதுவுமே வேண்டாம் என்கிறான். அம்மா, பேரப்பிள்ளைகளுக்காகவாவது செய்வோம் என்கிறார். யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

பதில்: இருவரும் ஒரே துக்கத்தைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்கள், தம்பி. இதில் பக்கம் எடுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆண்டின் கடைசி விடுமுறை இரவில், வீடு அடங்குவதற்கு முன், என் தந்தை நீல அட்டை போட்ட ஒரு கணக்கு நோட்டை எடுத்துவருவார். ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து, அந்த ஆண்டில் நினைவில் நிற்பது எது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார். என் தம்பி ஆறு வயதில் சொன்ன "பல் விழுந்தது, அழவில்லை" என்பது இன்றும் அதில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, அம்மா சொன்னதாக, "வீட்டுக் கடன் அடைந்தது". தம்மைப் பற்றிய இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவர் எழுதியது ஒரே வரிதான்: "எல்லாரும் இருந்தோம்." அவர் மறைந்த ஆண்டு அந்த நோட்டை யாரும் தொடவில்லை, ஆனால் அது இருந்த அலமாரியின் பக்கம் எல்லாருடைய கண்ணும் போய்ப்போய்த் திரும்பியது. மறு ஆண்டு, என் தங்கையின் ஒன்பது வயது மகன் அதை எடுத்துவந்து, "இந்த வருஷம் யார் எழுதுவது?" என்று கேட்டான். யாருக்கும் வாய் வரவில்லை. அவனே உட்கார்ந்தான், முதலில் பாட்டியைக் கேட்டான். "உன் தாத்தா இல்லாமல் ஒரு வருஷம் போய்விட்டது" என்றார் அம்மா. "இல்லாமல்" என்பதற்கு எந்த "ல" என்று கேட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே போகும் எழுத்துகளில் அப்படியே எழுதினான். அன்றிரவு நாங்கள் அழுதோம். ஆனால் எல்லாரும் சேர்ந்து அழுதோம்.

நாங்கள் முதல் ஆண்டு நோட்டைத் தொடாமல் விட்டதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகையால் முழுவதும் செய்வதா, முழுவதும் விடுவதா என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். அப்பா செய்துவந்தவற்றுள் ஒன்றை இந்த ஆண்டு தொடருங்கள். தாங்க முடியாத ஒன்றை இந்த ஆண்டுக்கு மட்டும் என்று சொல்லி ஒத்திவையுங்கள். எதைத் தொடர்வது என்பதை அம்மா சொல்லட்டும், எதை ஒத்திவைப்பது என்பதை அண்ணன் சொல்லட்டும். இடையில் எழுந்து சற்று நேரம் தனியே இருக்க அவர் விரும்பினால், யாரும் பின்னால் போய் அழைக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றிய பேச்சை மட்டும் தவிர்க்காதீர்கள். பிள்ளைகள் அந்த மௌனத்தைக் கண்டு, அவரைப் பற்றிப் பேசக் கூடாது போலும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி (புதிதாக மணமானவர்): எங்கள் இருவர் வீட்டு வழக்கங்களும் முற்றிலும் வேறு. நாங்களாகப் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் அது செயற்கையாக இருக்காதா?

பதில்: உங்கள் தாத்தா காலத்திலும் யாரோ ஒருவர் முதல் தடவையாகச் செய்ததுதானே இன்று உங்களுக்கு மரபாகியிருக்கிறது? முதல் ஆண்டு செயற்கையாகத்தான் இருக்கும், மூன்றாம் ஆண்டு அப்படி இருக்காது. அமெரிக்காவில் விழாக்காலத்தைப் பற்றி 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடும்பச் சடங்கு ஏதேனும் ஒன்று உடையவர்கள் அந்த நாளை அதிகம் அனுபவித்ததாகவும், குடும்பத்தாரோடு அதிக நெருக்கத்தை உணர்ந்ததாகவும் கூறினார்கள். ஏற்கெனவே நெருக்கமான குடும்பங்கள்தாம் சடங்கையும் பேணுகின்றன என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம் என்பதால், இதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஆனால் இரு வீட்டாரையும் திருப்திப்படுத்த ஒரே நாளில் இரு இடங்களுக்கும் ஓடி, வண்டியிலேயே விழாவைக் கழிப்பதைவிட, இருவருக்கும் மட்டுமேயான ஒரு மணி நேரத்தை முதல் ஆண்டிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தாலும் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை. பிடுங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பிடுங்கினால் அந்த நாள் முழுவதும் கைப்பேசியைப் பற்றியதாகவே ஆகிவிடும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நண்பர்களோடும் குடும்பத்தோடும் உணவகத்துக்கு வந்த 300க்கும் மேற்பட்டவர்களுள், கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தவர்கள், எடுத்து வைத்துவிட்டவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே அந்த நேரத்தை அனுபவித்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் வேறுபாடு இருந்தது. எனவே ஒரு மணி நேரத்துக்கு வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகப் பெரியவர்கள், கைப்பேசியை வேறு அறையில் வைக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி (ஒரு மனைவி): விழா நாள் வந்தாலே கணவர் குடித்துவிடுகிறார். பிள்ளைகளுக்கு அந்த நாளே அச்சமாகிவிட்டது. பேசாமல் எதையும் கொண்டாடாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. மனநல மருத்துவர் ஸ்டீவன் வோலினும் மானிடவியலாளர் லிண்டா பென்னெட்டும் சக ஆய்வாளர்களோடு 1980இல் வெளியிட்ட ஆய்வு இதே நிலையிலிருந்த குடும்பங்களைப் பற்றியது. பெற்றோரின் குடியால் குடும்பச் சடங்குகள் சிதைந்துபோன வீடுகளில் அந்தப் பழக்கம் பிள்ளைகளிடமும் தொடர்வது அதிகமாக இருந்தது. குடி ஒருபுறம் இருந்தாலும் சடங்குகளைக் குலையாமல் காத்த வீடுகளில் அது குறைவாக இருந்தது. எனவே நீங்கள் காக்க வேண்டியது அந்த நாளின் ஒரு பகுதியை. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர் வந்தால் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் காத்திருக்காமல் தொடங்குங்கள். மாலையில் பிள்ளைகளை நம்பிக்கையான உறவினர் வீட்டுக்கு அழைத்துச் செல்வதையே ஒரு வழக்கமாக்கலாம். கை நீட்டும் அளவுக்கு அவர் போவாரானால், விழாவை எண்ணாமல் பாதுகாப்பை மட்டும் எண்ணுங்கள், உடனே உதவி கேளுங்கள். அவருடைய குடிக்கு மருத்துவம் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி (ஒரு தாத்தா): பேரப்பிள்ளைகளிடம் பழைய கதைகளைச் சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன பயன் என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது.

பதில்: பயன் உண்டு, ஐயா. எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார்கள். பெற்றோர் எங்கே வளர்ந்தார்கள், அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்பன போன்ற எளிய கேள்விகள். குடும்பக் கதைகளை அதிகம் அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் மிகுந்திருந்தன. விடைகளை மனப்பாடம் செய்ய வைத்தால் அந்தப் பயன் வராது என்பதையும் டியூக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகள் பிள்ளைகளின் காதுக்கு வர வேண்டுமானால் வீட்டார் பலமுறை கூடி உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பயனெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒன்றை மட்டும் உரிமையோடு சொல்கிறேன். "அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்" என்ற வாக்கியம் வரும் இடத்தில்தான் பிள்ளைகள் எழுந்து போகிறார்கள். அந்த அறிவுரையை விட்டுவிட்டுக் கதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வென்றதைவிடத் தோற்றதையும், ஏமாந்ததையும், பிறகு எழுந்து நின்றதையும் கேட்கவே அவர்களுக்கு ஆவல் அதிகம். கையில் ஒரு பழைய பொருளோ புகைப்படமோ இருந்தால், கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

கேள்வி (வெளிநாட்டில் பணிபுரிபவர்): ஆண்டுக்கு மூன்று நாள்தான் பெற்றோருடன் இருக்க முடிகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் என்ன பொருள் இருக்க முடியும்?

பதில்: உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்று உங்களுக்கு உதவும். பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 வினாடி கையை வைத்திருந்தார்கள். மற்றொரு முறை அதே 60 வினாடிக்குப் பின், நீர் சிறிதே வெதுவெதுப்பாகி 15 பாகைக்கு வரும்வரை மேலும் 30 வினாடி வைத்திருந்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். அதன் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம். ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, அதன் உச்சமும் அது முடிந்த விதமுமே நினைவில் தங்குகின்றன.

குடும்பங்களில் நான் காண்பது இதற்கு நேர்மாறான ஏற்பாட்டை. வந்திறங்கும் நேரத்துக்கு எவ்வளவோ திட்டம் இருக்கிறது. புறப்படும் நேரம் பெட்டி கட்டுவதிலும், கடவுச்சீட்டைத் தேடுவதிலும், வண்டி வந்துவிட்டது என்ற பதற்றத்திலும் போய்விடுகிறது. அடுத்த ஓராண்டுக்கு உங்கள் பெற்றோரிடம் எஞ்சுவது அந்தப் பதற்றமே. ஆகவே பெட்டியை முந்தைய இரவே கட்டி வாசலருகே வைத்துவிடுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், இருவர் நடுவிலும் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள். நாள் உறுதியாகாவிட்டால் மாதத்தையாவது சொல்லுங்கள், நாட்காட்டியில் அப்பாவே அதைக் குறித்துக்கொள்ளட்டும்.