‘எடுத்தியா?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரும் ஊரும் வேண்டாம்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் டியூஷன் முடிந்து இரண்டு தோழிகளோடு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். பிஸ்கட் வாங்கி, பில் போட்டு வெளியே வரும்போது வாசலில் பீப் சத்தம். செக்யூரிட்டி மூன்று பேரையும் நிறுத்தி, இவள் பையை மட்டும் மேஜைமேல் கொட்டியிருக்கிறார். புத்தகம், டிபன் பாக்ஸ், நாப்கின், எல்லாம் வரிசையில் நின்றவர்கள் முன்னால். பையில் ஒரு லிப் பாம் இருந்திருக்கிறது. அதற்குப் பில் இல்லை. ஸ்டாக் ரூமில் உட்கார வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். நான் போனபோது மேனேஜர் சொல்லச் சொல்ல, ‘இனி இப்படிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். போனில் படமும் எடுத்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் ‘மன்னிச்சிடுங்க சார், சின்னப் பொண்ணு’ என்றேன். 150 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து மடங்கு கேட்டார்கள். 1,500 ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கூட்டி வந்தேன். இரண்டு நாள் கழித்து என் நாத்தனார் போனில் பேசும்போதுதான் தெரிந்தது, அது அவள் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தது என்று.

இப்போது மகள் எந்தக் கடைக்கும் வருவதில்லை. என்னோடும் சரியாகப் பேசுவதில்லை. வீட்டுக்காரர், ‘விட்டுத் தள்ளு, நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்’ என்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுலபம்.

பொருளில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு மூன்று இருக்கும். வாசல் கேட் அனுப்பும் அலைக்கு அவை அதிரும். அதிர்ந்தால் பீப். பில் போடுகிறவர் கவுண்டரில் இருக்கும் பலகையில் பொருளைத் தேய்த்தால் ஸ்டிக்கர் செத்துவிடும். அவசரத்தில் சரியாகத் தேய்க்காவிட்டால் சாகாது. அப்புறம் அது எந்தக் கடைக்குப் போனாலும், கேட் அதே வகையாக இருந்தால், கத்தத்தான் செய்யும். உயிருள்ள ஸ்டிக்கர் ஒன்று கடந்து போகிறது என்பதுதான் கேட்டுக்குத் தெரியும். அது எந்தக் கடையில் ஒட்டியது, காசு கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் தெரியாது. உங்கள் நாத்தனார் வாங்கிய இடத்தில் யாரோ அவசரமாகப் பில் போட்டிருக்கலாம். காமிராவைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பார்த்திருந்தாலே போதும், அவள் அந்த அலமாரிப் பக்கம் போனாளா இல்லையா என்று தெரிந்திருக்கும்.

சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (இந்தப் பெயரை வாயில் நுழைக்கவே தனி டியூஷன் வேண்டும்) 40-வது பிரிவுப்படி, காவலர் அல்லாத ஒருவர் இன்னொருவரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தன் கண்முன் நடந்த, ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டு அந்த வகையிலேயே வராது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தண்டனையே சமூக சேவைதான். 150 ரூபாய்க்கு ஸ்டாக் ரூமில் உட்கார வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? சட்டத்தில் அதற்கு முறையற்ற அடைத்துவைப்பு என்று பெயர். பயமுறுத்திப் பத்து மடங்கு வாங்குவதற்கு வேறு பெயர், அது இன்னும் மோசமானது. அவள் உண்மையிலேயே எடுத்திருந்தாலும் இது மாறாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 2015-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டம் வந்துவிடும். பிள்ளை நிரபராதி என்றுதான் தொடங்க வேண்டும், பெயரோ படமோ வெளியே போகக் கூடாது.

அந்த செக்யூரிட்டி மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. பெரும்பாலும் ஏஜென்சி ஆள், பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டமே போட்டது. வாசலில் நிற்பவருக்கு நாற்காலி போட்டு நான் பார்த்தது குறைவு. ஸ்டாக் குறைந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள். மூன்று பிள்ளைகளில் ஒரு பையை மட்டும் ஏன் கொட்டினார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. பழைய பையாக இருந்திருக்கும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

1984-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர் தேரடியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மாம்பழ வடிவில் மாம்பழ வாசனையோடு ரப்பர். ஒரு திங்கள்கிழமை, கடைக்காரர் ஏணியில் ஏறிப் பின்னால் திரும்பியிருந்தபோது, ஒன்றை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே கடைக்குக் கிராஃப் நோட்டு வாங்கப் போனேன். காசு கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது சட்டைக் காலரில் கை விழுந்தது. ஒரு பேனா குறைகிறதாம். சத்தியமாக நான் எடுக்கவில்லை. டவுசர் பாக்கெட்டைப் புரட்டி வெளியே இழுத்தார்கள். இரண்டு கோலிக்குண்டும் பஸ் சில்லறையும் விழுந்தன. யாரோ போய் அப்பாவைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

அப்பா மில்லிலிருந்து அப்படியே வந்தார், தலைமயிரில் பஞ்சோடு. கடைக்காரரைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்து, ‘எடுத்தியா?’ என்றார்.

‘இல்லப்பா.’

‘எடுக்கலேங்கறான். வேணும்னா பையையும் பாத்துக்குங்க’ என்று என் பள்ளிப் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். ஜியாமெட்ரி பாக்ஸ் அதற்குள் கடகடவென்று சத்தம் போட்டது. எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது. கடைக்காரர் அப்பா முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘வேண்டாங்க, கூட்டிட்டுப் போங்க’ என்றார்.

அந்த ரப்பரை ஆற்றில் எறிந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எறியவில்லை. முழுப் பரீட்சை வரைக்கும் அழித்தே தீர்த்தேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் கை நீளவில்லை. கை போகும்போதெல்லாம் பை மேஜைமேல் வைக்கப்படும் அந்தச் சத்தம் கேட்கும்.

உங்கள் மகளிடம் யாருமே ‘எடுத்தியா?’ என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? செக்யூரிட்டி கேட்கவில்லை, மேனேஜர் கேட்கவில்லை. நீங்கள் உள்ளே வந்தபோது அம்மாவாவது கேட்பாள் என்று நினைத்திருப்பாள். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். அந்த அறையில் எழுதிய காகிதத்தைவிட அதுதான் அவளுக்கு ஆறாமல் கிடக்கிறது என்று நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. மேலதிகாரி மாதிரி யாராவது முன்னால் நின்றாலே நம் வாயில் முதலில் வருவது மன்னிப்புதான். அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, அந்த ‘மன்னிச்சிடுங்க சார்’ஐ அவளிடம் திருப்பி வாங்கிக்கொள்வது. ‘உன்கிட்ட கேக்காம அப்படிச் சொன்னது என் தப்பு’ என்றால் போதும், நீட்ட வேண்டாம். உடனே பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அப்புறம், அவளுக்குச் சம்மதம் என்றால், கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். அவள் எழுதிய காகிதம் திரும்ப வேண்டும், படம் அழிய வேண்டும், 1,500 ரூபாய் வர வேண்டும், அன்றைய காமிராப் பதிவை அழிக்காமல் வைக்க வேண்டும். கொஞ்ச நாள் போனால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும், அதனால் சீக்கிரம். நாத்தனார் பணம் கட்டிய பில்லோ போன் மெசேஜோ இருந்தால் ஒரு நகல் இணையுங்கள். மசியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். 15100 இலவச சட்ட உதவி எண். உங்கள் காவல் நிலையத்தில் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரையும் பார்க்கலாம். வீட்டுக்காரர் சொல்லும் அந்த நாலு பேர், வரிசையில் நின்று நாப்கின் வரைக்கும் பார்த்துவிட்டுப் போன அதே ஆட்கள்தான். அவர்களிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது?

அவள் வேண்டாம் என்றால் கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு காத்திருங்கள். காகிதம் கைக்கு வந்தால் கிழிப்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.