டெல்லி பல்கலைக்கழகத்தில் சமூகவியல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

டெல்லி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியல் படித்தவள் நான். இப்போது அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போக நினைக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் பி.எஸ்சி. கணிதம். சமூகவியலே படித்ததில்லை. எம்.ஏ. சேர முடியுமா? (விருதுநகர் மாணவர்)

முடியும். என் வகுப்பில் இன்ஜினியரிங் முடித்தவர்களும் இருந்தார்கள், இலக்கியம் படித்தவர்களும் இருந்தார்கள். முன்பு பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தியது. 2023 முதல் முதுகலைச் சேர்க்கை சியூஇடி என்ற தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. கேள்விகள் கொள்குறி வகை என்பதால் கையேட்டை வைத்துத் தயாராகிவிடலாம். ஆனால் கையேட்டோடு நின்றுவிட்டால் முதல் மாதமே திணறிப்போவீர்கள். 'டர்க்கைம், தற்கொலை, 1897' என்று கையேட்டில் ஒரு வரி இருக்கும். டர்க்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் எழுதிய நூல் அது. வகுப்பில் அந்த நூலையே திறந்து வைத்துக்கொண்டு, இவ்வளவு அந்தரங்கமான ஒரு செயலின் விகிதம் ஒரு நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் நீங்கள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

சோஷியல் வொர்க்கும் இதுவும் ஒன்றுதானே என்று அப்பா கேட்கிறார். (கடலூர் மாணவி)

இல்லை. சமூகப்பணி என்பது மக்களோடு நின்று வேலை செய்யக் கற்றுத்தரும் தொழிற்படிப்பு. சமூகவியல், சமூகம் ஏன் இப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு. அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: குடிக்கு அடிமையானவரை மீட்க உதவுவது முதலாவது, ஒரு தெருவில் மட்டும் குடி ஏன் அதிகம், அதன் பாரம் ஏன் பெண்கள் தலையில் விழுகிறது என்று கேட்பது இரண்டாவது.

தமிழ் வழியில் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குவார்களாமே? (அரியலூர் மாணவர்)

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். முதல் செமஸ்டர் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஃபூக்கோ, போர்டியூ என்று பிரெஞ்சு சிந்தனையாளர்களைப் பற்றிச் சரளமாகப் பேசும்போது, இவர்களுக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்தேன். அதில் பாதி பேர் அந்த வாரத்துக் கட்டுரையைப் படிக்காமலே பேசினார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. சரளம் வேறு, புரிதல் வேறு.

எனக்குக் கைகொடுத்த வழி இது. ஒரு கட்டுரையை முதல் தடவை அகராதி இல்லாமல் கடைசி வரை படிப்பேன். இரண்டாம் தடவை ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதுவேன். அப்புறம் நோட்டை மூடிவிட்டு, 'இவர் யாரோடு சண்டை போடுகிறார்?' என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலான சமூகவியல் கட்டுரைகள் இன்னொருவருக்குச் சொன்ன மறுப்புகள். எதிராளி யார் என்று பிடிபட்டுவிட்டால் பாதிக் கட்டுரை புரிந்த மாதிரி. 40 பக்கத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் ஆண்டில் ஒரு மாலை போதுமாக இருந்தது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மற்றவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பலவற்றை நீங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள். ஊரும் சேரியும் ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று உங்களுக்கு யாரும் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. அதை வகுப்பில் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

எல்லாம் மார்க்ஸ், வெபர் என்று வெள்ளைக்காரர்கள்தானா? நம் ஆட்கள் யாரும் இல்லையா? (மதுரை மாணவி)

நியாயமான கோபம். மார்க்ஸ், வெபர், டர்க்கைம் மூவரையும் தாண்டாமல் போக முடியாது, அவர்களைப் படிப்பதில் நட்டமும் இல்லை. ஆனால் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்தது 1916 மே மாதம். அப்போது அவருக்கு வயது 25. அகமண முறைதான், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதுதான், சாதியின் உயிர்நாடி என்று அன்றே சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால் சாதி பற்றி முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

டெல்லியில் இந்தத் துறையை 1959-இல் தொடங்கியவர் மைசூர்க்காரரான எம். என். சீனிவாஸ். சமஸ்கிருதமயமாதல் (மேல்சாதிப் பழக்கங்களைப் பின்பற்றித் தங்கள் நிலையை உயர்த்திக்கொள்ள மற்ற சாதிகள் முயல்வது), ஆதிக்கச் சாதி (எண்ணிக்கையாலும் நிலத்தாலும் ஊரில் செல்வாக்குள்ள சாதி) என்று நாம் இன்று பேசும் கருத்தாக்கங்கள் அவர் தந்தவை. அங்கே ஆசிரியராக இருந்த ஆந்த்ரே பெத்தேய் ஆய்வு செய்தது நம் தஞ்சாவூர்ச் சீமையில். நூலில் அந்த ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே தங்கியதாலேயே ஆதிதிராவிடர் தெருவுக்குப் போய்ப் பழகுவது அவருக்குக் கடினமானது. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பது அவர் எதைப் பார்க்கிறார் என்பதையே மாற்றிவிடுகிறது. டெல்லிக் குளிரில் உட்கார்ந்து தஞ்சாவூரைப் பற்றிப் படித்த அந்த வாரம், என் ஊரில் நான் எந்தெந்தத் தெருவுக்குள் கால் வைத்ததே இல்லை என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு நீண்டுகொண்டே போனது.

அவ்வளவு பெரிய இடத்தில் நம்மை யார் கவனிப்பார்கள்? (சேலம் மாணவர்)

யாரும் தேடி வர மாட்டார்கள். நீங்கள்தான் போக வேண்டும். ஆசிரியர் அறைக்கதவைத் தட்டும்போது 'ஒன்றும் புரியவில்லை' என்று சொல்லாமல், 'இந்தப் பக்கத்தில் இந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை' என்று சொல்லுங்கள். பத்து நிமிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் உள்ள ரத்தன் டாடா நூலகத்தில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே மேசைக்கு வந்தால் எதிரில் உட்காருபவர் சீக்கிரமே நண்பராகிவிடுவார்.

களப்பணிக் குறிப்புகளை எப்படி வைத்துக்கொள்வது? (புதுச்சேரி மாணவி)

பார்த்த அன்றே, தூங்குவதற்கு முன் எழுதிவிடுங்கள். பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வையுங்கள். சீனிவாஸ் மைசூர்ப் பக்கம் ராம்புரா கிராமம் பற்றி 18 ஆண்டுகளாகச் செப்பனிட்ட குறிப்புகளின் மூன்று பிரதிகளும், 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதி 1976-இல் நூலாக்கினார். அவருக்கு அந்த நினைவாற்றல் இருந்தது. நமக்கு பென் டிரைவும் மின்னஞ்சலும் இருக்கின்றன.

வேலை? (பலர்)

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி உதவிப் பேராசிரியர் ஆகலாம். அதே தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப்பாடத்துக்கு 500. அதற்குப் பலர் சமூகவியலை எடுக்கிறார்கள். ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகளிலும் வாய்ப்பு உண்டு. ஆனால் படிப்பு முடிந்த மறுநாளே வேலை என்று நான் உங்களுக்கு வாக்குத் தர மாட்டேன். என் வகுப்புத் தோழர்கள் பலருக்கு இரண்டு மூன்று வருடம் ஆனது. வீட்டுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டிய நிலை என்றால், முதல் செமஸ்டரிலிருந்தே புள்ளியியல் மென்பொருள் ஒன்றையும் கணக்கெடுப்பு வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள். என்னோடு படித்தவர்களில் முதலில் வேலை கிடைத்தது அந்த இரண்டும் தெரிந்தவர்களுக்குத்தான்.