40 கிராம் பாம்புக்கு எவ்வளவு பெரிய எலி?

உங்கள் கோர்ன் ஸ்நேக் குட்டி (வீட்டில் வளர்க்கும் நஞ்சில்லாத பாம்பு) விழுங்கிய எலியை மூன்றாம் நாள் கக்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். 40 கிராம் குட்டிக்கு 4 முதல் 6 கிராம் எலிக்குஞ்சு போதும். கண் திறக்காத, மெல்லிய ரோமம் முளைக்கத் தொடங்கிய சுண்டெலிக் குஞ்சு அந்த எடை வரும். நீங்கள் போட்டது 12 கிராம். கக்கியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

தராசு இல்லையென்றால் நூல் போதும். பாம்பின் உடம்பில் ஆகத் தடித்த இடத்தைச் சுற்றி அளந்து, அதே நூலை எலியின் வயிற்றில் சுற்றிப் பாருங்கள். ஏறக்குறைய ஒத்துவந்தால் சரி. தலையைப் பார்த்து அளவு முடிவு செய்யவேண்டாம், தாடை நன்றாக விரியும்.

இன்னொன்று, பெட்டி தகரக் கூரைக்குக் கீழேயா இருக்கிறது? யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் உள்ளே 35 பாகை தாண்டினாலும் கக்கும். ஒரு மூலையாவது 25 பாகையளவில் இருக்கவேண்டும். ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

இப்போது உடனே தீனி வேண்டாம். தண்ணீர் மட்டும் வைத்து 10 முதல் 14 நாள் விடுங்கள். அப்புறம் ரோமமே இல்லாத 2 கிராம் குஞ்சு ஒன்று. கொடுத்தபின் இரண்டு நாள் கையில் தூக்கக்கூடாது (பிள்ளைகளுக்குத்தான் இதைச் சொல்லவேண்டும்).

வளவில் பொறியில் விழுந்த எலியைப் போட்டுவிடாதீர்கள். அது பக்கத்து வீட்டில் எலிப்பாஷாணம் தின்றிருக்கலாம், புழுவும் இருக்கும். சின்னக் குஞ்சு கொடுத்தும் மறுபடி கக்கினால் காரணம் எலியின் அளவாக இராது, மிருகவைத்தியரிடம் காட்டுங்கள்.