பக்கெட்டின் அடியில் ஒரு புள்ளி

பத்தாம் வகுப்பு முடித்த பையனை அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்க, மனைவியோடும் பையனோடும் பெரம்பூரிலிருந்து என்னிடம் வந்திருந்த அந்த அப்பாவின் போனில் நாற்பதுக்கும் மேற்பட்ட பேச்சுகள் இருந்தன. எல்லாம் டெட் (TED) என்ற மேடையில் பேசப்பட்ட ஊக்கப் பேச்சுகள். வேலைக்குப் போகும்போது ரயிலில் தினம் ஒன்று கேட்பாராம். பையனின் மதிப்பெண் 500க்கு 371. பெரியப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்: பிளஸ் ஒன்னோடு ஐ.ஐ.டி. பயிற்சியும் நடத்தும் பள்ளியில் சேர். ஆண்டுக்கு இரண்டே முக்கால் லட்சம். அம்மாவின் நகைகள் அடகுக்குத் தயார்.

"மனசு வெச்சா எதையும் சாதிக்கலாம்னுதானே சார் எல்லாரும் சொல்றாங்க?"

பத்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். அப்புறம் முடியவில்லை.

ஐ.ஐ.டி.களில் சுமார் 18 ஆயிரம் இடங்கள். முதல் கட்டத் தேர்வை எழுதுகிறவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். கணக்கில் 61 வாங்கிய, அரை மணி நேரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் நெளிகிற பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த நகையை அடகு வைக்காதீர்கள் என்று நேராகவே சொன்னேன். பணத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு மழுப்பத் தெரியாது.

இந்தப் பேச்சுகளை நானும் கேட்பவன்தான். கல்வியாளர் கென் ராபின்சன் 2006இல் பேசியது அந்த அப்பாவின் பட்டியலிலும் இருந்தது. அதில் ஒரு கதை வரும். பள்ளியில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்று ஜில்லியன் லின் என்ற சிறுமியை அம்மா மருத்துவரிடம் அழைத்துப் போகிறார். பின்னாளில் பெரிய நடன அமைப்பாளர் ஆனவர் அந்தச் சிறுமி. கதையின் முடிவுக்கு எல்லோரும் கைதட்டுகிறோம். எனக்குப் பிடித்தது அந்த மருத்துவர் செய்த வேலை. "உன் கனவு என்னம்மா" என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ரேடியோவைப் போட்டார், அம்மாவோடு வெளியே வந்தார், பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்தார். அவ்வளவுதான்.

என் அறையில் ரேடியோ இல்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பையன் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டைக் காலி செய்து கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், அடியில நடுவுல ஒரு புள்ளி இருக்கே, எங்க வீட்டு பக்கெட்லயும் இருக்கு. எதுக்கு?" அப்பா அதட்டினார். நான் அவரை அதட்டினேன்.

உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள், அதாவது வார்ப்பு அச்சுக்குள், நுழைந்த வாசல் அந்தப் புள்ளி. அதற்குப் பெயர் கேட். பக்கவாட்டில் மெல்லிய கோடு தெரிந்தால், மோல்டின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம் அது. உட்பக்கம் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தால், ஆறிய பொருளை ஊசிகள் தள்ளி வெளியேற்றிய தடம். பக்கெட், சுவிட்ச் பெட்டி, கார் டேஷ்போர்டு என்று எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒருவர் இரும்பில் குடைந்த மோல்டு ஒன்று இருக்கும்.

இதைப் படிக்க நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில், 1968இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், சிப்பெட். பிளாஸ்டிக் மோல்டு டெக்னாலஜி டிப்ளமோ மூன்று ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், நுழைவுத் தேர்வு உண்டு. மூன்று ஆண்டுக் கல்விக் கட்டணத்தையும் கூட்டினாலும் பெரியப்பா சொன்ன பள்ளியின் ஓராண்டுத் தொகையைத் தொடாது.

கணக்கு வராதே என்றார் அம்மா. வரும் என்றுதான் நினைக்கிறேன். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். மூடி 100 மில்லிமீட்டர் வரவேண்டுமென்றால் மோல்டை 101.5 என்று வெட்ட வேண்டியிருக்கலாம். கணக்கு தப்பினால் மூடி டப்பாவில் உட்காராது. கையில் பொருள் இருந்தால் கணக்குப் போடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டர் நுழையாத மூலைகளை ஸ்பார்க் மெஷினில் குடைவார்கள்: எண்ணெய்க்குள் மூழ்கிய இரும்பைத் தாமிர எலக்ட்ரோடு தொடாமலே, பொறியால் அரித்தெடுக்கும். இதைச் சொன்னபோது பையன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். நெளியவே இல்லை.

கஷ்டங்களையும் சொன்னேன். முதல் சம்பளம் சின்னது. நின்றுகொண்டே வேலை, சட்டையில் எண்ணெய், மோல்டு செய்யும் பட்டறையான டூல் ரூமில் சில ஆண்டுகள் சீனியரிடம் திட்டு. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் தேறிய மோல்டு ஆட்களுக்கு மதிப்பு வருவது அதற்குப் பிறகுதான். பி.இ. வேண்டுமென்றால் டிப்ளமோவை வைத்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

"அண்ணன்கிட்ட என்னன்னு சார் சொல்றது? டிப்ளமோன்னா சிரிப்பாரு" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும். ஃபீஸ் அவரா கட்டுறாரு?"

அம்மா முதல்முறையாகச் சிரித்தார். அந்த வாரத்துக்குள் பையனோடு கிண்டிக்குப் போய் மெஷின்களை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள், நுழைவுத் தேர்வுக்குக் கடைசித் தேதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன். அவர்கள் போன பிறகு பேனாக்களையெல்லாம் பொறுக்கி ஸ்டாண்டில் திரும்ப அடுக்கினேன்.