மைதான ஓரம்: பக்கத்து ஊரை விட்டு எங்கே போகிறார்கள்?

சென்ற இதழில், சியாட்டிலில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது பார்த்த கல்லூரி ஆட்டங்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒரு கான்ஃபரன்ஸை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி வந்தது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் 31 வருஷம் ஃபிசிகல் டைரக்டராக இருந்தவள் நான். இதைப் பற்றிப் பேச எனக்கும் நிறைய இருக்கிறது. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கான்ஃபரன்ஸ் என்பது நம் ஊர் சோனல்ஸ் மாதிரியா மேடம்?
– நந்தனத்தில் உடற்கல்வி படிக்கும் மாணவர்

பார்வைக்கு அப்படித்தான் இருக்கும் தம்பி. ஆனால் நம்மிடம் எந்தக் கல்லூரி எந்த சோன் என்பதைப் பல்கலைக்கழகம் சொல்லிவிடும். அங்கே பல்கலைக்கழகங்களே கூடி, ‘நாம் பத்துப் பேர் ஒன்றாக ஆடுவோம்’ என்று வைத்துக்கொண்டதுதான் கான்ஃபரன்ஸ். சீசன் முழுக்கப் பெரும்பாலும் தங்களுக்குள் ஆடுவார்கள். அதில் நன்றாக ஆடியவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நீங்கள் படிப்பது ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி என்றால், அதை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர். அவர் இங்கே வருவதற்கு முன்பே அங்கே இந்த ஏற்பாடு வேர்விட்டிருந்தது. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் 1896-ல் உருவானது. மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் பேக்-12 கான்ஃபரன்ஸுக்கு மூலமான பசிபிக் கரை கான்ஃபரன்ஸ் 1915-ல். ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்பக்கூடிய தூரம், ஒருவரை ஒருவர் தெரிந்த ஊர்கள். அந்தக் காலத்தில் இந்த வட்டங்கள் அப்படித்தான் அமைந்தன.

இன்னொன்று. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கீழே நான் ஃபுட்பால் என்று எழுதும் இடத்தில் எல்லாம் அதுதான்.

நூறு வருஷத்துக்கு மேல் இருந்த பேக்-12 எப்படி ஒரு வாரத்தில் சரிந்தது?
– மடிப்பாக்கம் வாசகர்

ஒரு வாரத்தில் சரியவில்லை சார். தேடிப் போனால் 1984-ல் போய் நிற்கும். அதுவரை எந்தக் கல்லூரியின் ஃபுட்பால் ஆட்டம் எத்தனை முறை டி.வி.யில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு முடிவு செய்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகத் தரப்பினர் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து ஒளிபரப்பு உரிமையை விற்கும் அதிகாரம் கல்லூரிகளுக்கும் கான்ஃபரன்ஸ்களுக்கும் வந்தது. எந்த ஊரில் டி.வி. பார்ப்பவர்கள் அதிகமோ அந்த ஊர் அணிக்கு விலையும் கூடியது.

2021 ஜூலையில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. மறு வருஷம் ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும், அதாவது யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், பேக்-12-லிருந்து பிக் டென்னுக்கு மாறுவதாகச் சொல்லிவிட்டன. சரியாக ஏழு வாரம் கழித்து பிக் டென் அறிவித்த டி.வி. ஒப்பந்தம், ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். லாஸ் ஏஞ்சலிஸ் இல்லாத பேக்-12-க்கு அந்த மாதிரி விலை கொடுக்க யாரும் வரவில்லை. ஆப்பிள் நிறுவனம் இணைய ஒளிபரப்புக்கு ஒரு திட்டம் கொடுத்தது. மற்ற கான்ஃபரன்ஸ்கள் எழுதித் தந்த தொகைக்கு முன்னால் அது எடுபடவில்லை.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. நான் சியாட்டிலில்தான் இருந்தேன். மாப்பிள்ளை, அதே வாஷிங்டன் மாநிலத்தின் மறுகோடியில் உள்ள புல்மேன் என்ற சின்ன ஊரில், வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவர். சுற்றிலும் கோதுமை வயல்தான் என்பார். சாயந்திரம் விளக்கேற்றிவிட்டு ஹாலுக்கு வந்தால், ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வேலையில் ஏதோ பிரச்சினை என்றுதான் முதலில் பயந்தேன். “அத்தை, ஒரே நாள்ல அஞ்சு பேர் போயிட்டாங்க” என்றார். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஆரிகனும் பிக் டென்னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. முந்தின வாரமே கொலராடோ போயிருந்தது. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி. என்ற அட்லான்டிக் கரை கான்ஃபரன்ஸில் சேர்க்கப்பட்டன. இரண்டுமே இருப்பது பசிபிக் கரையில். கடைசியில் மிஞ்சியது வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும்.

இரண்டும் நீதிமன்றம் போய், கான்ஃபரன்ஸின் பெயரையும் நிர்வாகத்தையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டன. 2024, 2025 இரண்டு சீசனும் ஃபுட்பாலில் இரண்டே அணிகள் கொண்ட கான்ஃபரன்ஸாக ஓட்டினார்கள். ஆடத் தெரியாதவர்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 14 அன்று, தங்களை விட்டுப் போன அதே வாஷிங்டனை சியாட்டிலிலேயே 24–19 என்று வாஷிங்டன் ஸ்டேட் ஜெயித்தது. இந்த இரண்டு அணிகளும் 1900-லிருந்து மோதிக்கொள்பவை. சியாட்டிலுக்கும் புல்மேனுக்கும் இடையே சாலை வழியில் 460 கிலோமீட்டர், நமக்குச் சென்னை–மதுரை. நவம்பர் கடைசியில், சீசன் முடிவில் நடக்கும் அந்த ஆட்டத்துக்காகக் குடும்பம் குடும்பமாகக் காத்திருப்பார்களாம். இப்போது அதை செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

பிக் டென்னில் 18 அணிகள், பிக் 12-ல் 16. பெயரை ஏன் மாற்றவில்லை?
– குரோம்பேட்டை, பத்தாம் வகுப்பு மாணவி

பழகின பெயருக்கு ஒரு மதிப்பு இருக்கிறதம்மா, அதனால்தான். பென் ஸ்டேட் சேர்ந்து பதினொன்றாக ஆன 1990-லிருந்தே பிக் டென்னில் எண்ணிக்கையும் பெயரும் ஒத்துப்போகவில்லை.

நம் சென்னையில் இப்படி ஏதாவது நடந்ததுண்டா?
– பெரம்பூர் வாசகி, முன்னாள் கபடி ஆட்டக்காரர்

பணத்துக்காக நடந்ததில்லை. ஆனால் பழகின எதிராளியை இழப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

2001 வரைக்கும் சென்னையைச் சுற்றி இருந்த தனியார் பொறியியல் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்தன. எங்கள் கல்லூரிக்கு நாலு பஸ் ஸ்டாப் தள்ளி அப்படி ஒரு கல்லூரி. அவர்களின் பெண்கள் வாலிபால் அணியில் இடது கைக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுடைய அடியை எடுப்பதற்காகவே என் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் முழுக்கக் காலை ஐந்தரை மணிக்குத் தனிப் பயிற்சி கொடுத்தேன். தோற்றோம். மறு வருஷம் ஐந்து செட் ஆடி ஜெயித்தோம். அதற்கப்புறம் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போயின. படிப்புக்காக எடுத்த முடிவு அது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரே பஸ் ரூட்டில் இருந்த இரண்டு அணிகளும் அப்புறம் ஒரு பாயின்ட் ஆட்டத்தில்கூடச் சந்திக்கவில்லை. அந்தக் கல்லூரி பி.டி.யும் நானும் பேசி, ஜனவரியில் ஒரு நட்பு ஆட்டம் வைத்தோம். மூன்று வருஷம் நடந்தது. நட்பு ஆட்டத்துக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடையாது என்பதால் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் போனது, நின்றுவிட்டது. அந்தக் காலை ஐந்தரை மணிப் பயிற்சிக்கு அப்புறம் வந்த என் அணிகளிடம் அதே வேகத்தை என்னால் வரவழைக்க முடியவில்லை. ஆகஸ்ட் 4 அன்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அணிகளுக்குப் பணம் கூடுகிறதே, யாருக்கு என்ன நஷ்டம்?
– தி.நகர் வாசகர்

ஃபுட்பால் அணிக்குப் பெரிய கஷ்டம் இல்லை. சீசனில் 12 ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை, தனி விமானம். ஆனால் கான்ஃபரன்ஸ் மாறும்போது வாலிபால், சாஃப்ட்பால், டென்னிஸ் ஆடும் பிள்ளைகளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறார்கள். வாலிபாலில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் சாதாரணம். யு.சி.எல்.ஏ. பெண்கள் இப்போது நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸோடு ஆடப் போவதென்றால் சுமார் 4,000 கிலோமீட்டர், கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம். நாம் டெல்லிக்கு ரயிலில் போகும் தூரம்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. போய் ஆடிவிட்டு வந்து மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டும். தென்மண்டலப் போட்டிக்கு ரிசர்வேஷன் கிடைக்காமல், பெட்டிக்குள் நியூஸ்பேப்பர் விரித்து என் பிள்ளைகள் தூங்கியதையும், விடிந்ததும் இன்டர்னல் பரீட்சைக்கு நோட்டைப் புரட்டியதையும் பார்த்தவள் நான். வருஷத்துக்கு ஒரு தடவை அப்படிப் போனாலே அரியர் விழும். ஒரு சீசன் முழுக்க அப்படி என்றால்?

தூரமாகப் போனால்தான் கூட்டம் வரும் என்பதையும் நான் நம்பவில்லை. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில், திறந்த வெளியில், பெண்கள் வாலிபால் ஆட்டம் வைத்தது. 92,003 பேர் வந்தார்கள். பெண்கள் விளையாட்டுக்கு உலகச் சாதனை என்று அறிவித்தார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. எதிரணி யார் தெரியுமா? அதே மாநிலத்தில், ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஒமாஹா.

அடுத்து யார் எங்கே போவார்கள்? உங்கள் கணிப்பு என்ன?
– வேளச்சேரி, ஐ.டி. ஊழியர்

முடிந்துபோன ஏற்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 2026 ஜூலை 1 கணக்கில் பேக்-12 புது உருவம் எடுக்கிறது. பழைய இருவரோடு பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட். இவர்களோடு கொன்சாகாவும். கொன்சாகா நம் லயோலா மாதிரி யேசு சபையினர் நடத்துவது; ஃபுட்பால் அணியே கிடையாது, கூடைப்பந்தால் பேர் வாங்கியது.

இனிமேல் பார்க்க வேண்டியது ஏ.சி.சி.யை. வெளியேறும் வழி கேட்டு ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும், கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்கில் இறங்கின. 2025 மார்ச்சில் சமரசம் ஆனது. யாருடைய ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ அவர்களுக்கு டி.வி. பணத்தில் பங்கு கூடும்; வெளியேறும் கட்டணமும் வருஷா வருஷம் குறைந்து 2030-31-ல் 7.5 கோடி டாலருக்கு வரும். பிக் டென்னின் டி.வி. ஒப்பந்தம் முடிவதும், பிக் 12-ன் ஒப்பந்தம் முடிவதும் ஏறக்குறைய அதே சமயம். அதனால் 2029, 2030-ல்தான் பெரிய நகர்வு இருக்கும் என்பது என் கணிப்பு. ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன், வட கரோலைனா மூன்றின் பெயரும் முதலில் அடிபடும். எஸ்.இ.சி.யும் பிக் டென்னும் தேவையானவர்களை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சியவர்கள் பிக் 12 பக்கம் பார்ப்பார்கள்.

ஆனால் நான் ஆசைப்படுவது வேறு. ஃபுட்பாலை மட்டும் பிரித்து, அது எங்கே வேண்டுமானாலும் போய் ஆடட்டும். மற்ற விளையாட்டுகள் பக்கத்து ஊர்களோடு இருக்கட்டும். இது நடக்காத காரியம் இல்லை. நோட்ரடேம் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் எந்த கான்ஃபரன்ஸிலும் இல்லை. பெரும்பாலான மற்ற ஆட்டங்களை 2013-லிருந்து ஏ.சி.சி.யில் ஆடுகிறது. கனெக்டிகட் இன்னும் நல்ல உதாரணம். ஃபுட்பாலுக்காகத் தூரத்து அணிகளோடு ஆடிப் பார்த்துவிட்டு, 2020-ல் தன் பழைய வட்டமான பிக் ஈஸ்ட்டுக்கே திரும்பியது. ஃபுட்பாலைத் தனியாக விட்டது. அதற்கப்புறம் ஆண்கள் கூடைப்பந்தில் 2023-லும் 2024-லும் தேசிய சாம்பியன். 2025-ல் பெண்கள் அணி சாம்பியன். பாஸ்டன், நியூயார்க் பக்கத்துப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து ‘இதைச் செய்யுங்களேன்’ என்று கெஞ்ச வேண்டும்போல் இருக்கிறது எனக்கு.

என் மகளுக்கு அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப் பேச்சு வந்திருக்கிறது. ஒன்று பெரிய கான்ஃபரன்ஸ், இன்னொன்று சின்னது. எதை எடுக்கட்டும் அம்மா?
– அண்ணா நகர், ஒரு தந்தை

முதலில் குழந்தைக்கு என் வாழ்த்து. கான்ஃபரன்ஸ் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவள் நாலு வருஷம் படிக்கப் போகிறாள்; அதற்குள் அந்தப் பல்கலைக்கழகமே வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். இரண்டு கோச்சிடமும் போன சீசன் ஆட்ட அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆட்டத்துக்கு பஸ், எத்தனைக்கு விமானம், எத்தனை நாள் வகுப்பு போகும் என்று மகளையே உட்கார்ந்து எண்ணச் சொல்லுங்கள். பயணத்தில் பரீட்சை வந்தால் யார் பொறுப்பில் எழுதுவார்கள் என்றும் கேளுங்கள்.

பணப் பேச்சில் ஒரு எச்சரிக்கை. 2025 ஜூனில் வந்த நீதிமன்ற ஒப்புதலுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்கள் ஒரு வரம்புக்குள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம் என்று ஆனது; 2025-26-ல் அந்த வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. டென்னிஸ் பிள்ளைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குச் சம்பாதிப்பதில் கட்டுப்பாடு இருக்கிறது. யாராவது விளம்பரப் பணம் பற்றிப் பேசினால், கையெழுத்துக்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த இரண்டு அட்டவணையும் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.